அழையாமல் வரும் ஆபத்து

வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் நம் குடும்பங்களில் நடக்கும் முன்னேற்பாடுகளைப் பார்க்கிறவர்கள், உலகத்தில் தமிழரைப் போன்ற முன்யோசனைக்காரர்கள் வேறு யாருமில்லை என்றே நினைப்பார்கள். மூன்று மாதம் முந்தியே அப்பளம் இட்டாகிவிடும். பந்தற்காரருக்கு அச்சாரம் போய்விடும். எத்தனை மூட்டை அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை வாழைத்தார் என்று வீட்டிலுள்ள பாட்டி விரல் விட்டே கணக்குச் சொல்லிவிடுவாள். நாள் பார்த்து வருகிற விசேஷத்துக்கு இவ்வளவு செய்கிற நாம், நாள் பார்க்காமல் வருகிற ஆபத்துக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்? பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: "அப்படி ஒன்றும் வந்துவிடாது."

வந்துவிடாது என்று சொல்லும் உரிமை வேறு எந்தச் சீமைக்கு இருந்தாலும், நம் செங்கற்பட்டுச் சீமைக்கு இல்லை. பாலாற்றுக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் இந்த ஏரிப் பிரதேசம் பஞ்சத்தைக் கண்டிருக்கிறது. யுத்த பயத்தைக் கண்டிருக்கிறது. புயலும் பிரளயமும் பேரலையும் கண்டிருக்கிறது. கையில் பணமிருந்தும் சாமான் கிடைக்காத நாட்களும், பாங்கியில் பணமிருந்தும் கைக்கு வராத நாட்களும் இங்கே வந்து போயிருக்கின்றன. அவற்றை நினைவுபடுத்துவது நேயர்களைப் பயமுறுத்துவதற்கு அன்று. அவை ஒவ்வொன்றும் ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பாடத்தைப் படிக்காமல் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் கதி என்னவாகும் என்பது, இருபது ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளும் எனக்கு ஓரளவு தெரியும்.

தாது வருஷத்துப் பாடம்

பழைய பஞ்சங்களுள் இன்றும் கிராமத்துப் பெரியவர்கள் வாயில் பெயர் சொல்லி வழங்குவது தாது வருஷப் பஞ்சம். 1876-இல் மழை பொய்த்தது. 1878 வரையில் தென்னாட்டையும் மேற்கு இந்தியாவையும் அது வாட்டி எடுத்தது. மாண்டவர் தொகை ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த நாளில் நாட்டில் தானியமே இல்லாமற் போகவில்லை. பஞ்சம் நடந்த காலத்திலேயே இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. விலை ஏறியது, கூலி வேலை நின்றது, ஆகவே ஏழையின் கைக்கு எட்டுகிற தானியம் இல்லாமற் போயிற்று. 1877-இன் தொடக்கத்தில் வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று திட்டம் செய்தார். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். வெயிலில் மண் சுமக்கும் மனிதனுக்கு இது போதவே போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். வெள்ளைக்கார அதிகாரிகள் இருவர் காகிதத்தில் வாதாடிக்கொண்டிருக்கையில் நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். தன் வயிற்றின் அளவைத் தூரத்திலிருக்கிற ஒருவன் நிர்ணயிக்கும்படி விட்டுவிடுகிற சமூகத்தின் நிலைமை இதுதான்.

அந்தப் பஞ்சத்தின் அடையாளம் ஒன்று இன்னும் நம் கண்ணெதிரே ஓடுகிறது. மாமல்லபுரத்துக்குப் பின்புறமாகக் கடலை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திராதவர்கள் இருக்க முடியாது. அந்தக் கால்வாயில் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் பகுதி, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. அப்போது கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் 2004-இல் பேரலை எழுந்து வந்தபோது, இந்தக் கால்வாய் பல இடங்களில் தண்ணீரை வாங்கிக்கொண்டு உட்புறத்து ஊர்களைக் காப்பாற்றியது என்று ஆராய்ந்தோர் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆபத்தில் செய்த வேலை மற்றோர் ஆபத்தில் உதவிற்று.

பணம் மறைந்த நாட்கள்

தானியப் பஞ்சம் போலவே பணப் பஞ்சமும் உண்டு. 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. கோட்டையைப் போல் உறுதியானது என்று பெயர் வாங்கிய கம்பெனி அது. பென்ஷன் வாங்குவோரும், விதவைகளும், கோவில் தர்மகர்த்தாக்களும், சிறு உத்தியோகஸ்தர்களும் தங்கள் சேமிப்பு முழுவதையும் அங்கே போட்டிருந்தார்கள். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் தண்டனையை உடைத்து உலையில் போட முடியுமா? இந்த விபத்திலிருந்து பிறந்த நன்மை ஒன்று உண்டு. வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலியோர் முயன்று, இந்தியர் பணத்தை இந்தியரே நிர்வகிக்க வேண்டுமென்று இந்தியன் பாங்கியைத் தொடங்கினார்கள். அது வேலையை ஆரம்பித்த நாள் 1907 ஆகஸ்டு 15.

1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்கி விழுந்தது. அதன் பின்னரே தேசம் விழித்துக்கொண்டு, 1962 முதல் பாங்கி டெபாசிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் ஏற்பாடு செய்தது. 2020 பிப்ரவரி முதல், ஒருவருக்கு ஒரு பாங்கியில் அசலும் வட்டியுமாக ஐந்து லட்சம் ரூபாய் வரையில் இந்தப் பாதுகாப்பு உண்டு. நூற்றுக்கு முப்பது, நாற்பது வட்டி என்று ஆசை காட்டுகிற தனியார் கம்பெனிகளுக்கும் சீட்டுக்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு குடும்பத் தலைவியும் மனப்பாடம் செய்துகொண்டால் எத்தனையோ தாலிக்கொடிகள் மிஞ்சும்.

சமீப காலத்துக்கு வருவோம். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுக்கள் செல்லாவென்று அறிவித்தார்கள். பாங்கி வாசல்களில் வரிசை நீண்டது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் கழித்து, டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக் கரையில் ஏறிற்று. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. சில்லறை நோட்டு கிடைக்கவில்லை. அட்டையைத் தேய்க்கலாமென்றால் மின்சாரம் இல்லை. கைப்பேசியில் அனுப்பலாமென்றால் கோபுரம் பேசவில்லை. ஆபத்துக்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருவதில்லை என்பதை அந்த ஒரு வாரம் நமக்குத் தெளிவாகக் காட்டிற்று.

மாமல்லபுரத்துக்குச் சொந்தமாக ஓர் அநுபவம் உண்டு. 2019 அக்டோபரில் பாரதப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தபோது உலகமே அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. ஐந்து மாதங்களில், 2020 மார்ச்சில், கொள்ளை நோயின் காரணமாகக் கடற்கரைக் கோயிலின் வாசல் சாத்தப்பட்டது. யாத்திரிகர் வரவையே நம்பியிருந்த சிற்பி, சங்கு மாலை விற்பவர், இளநீர்க்காரர், வண்டிக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. ஓர் ஊர் முழுவதும் ஒரே தொழிலை நம்பியிருப்பது, ஒரே தூணில் மண்டபம் கட்டுவது போன்றது.

கடலுக்கு அப்பாலும் பார்க்கலாம். 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் தீர்க்க இயலவில்லை என்று இலங்கை அறிவித்தது. அதற்கு முந்திய மாதமே காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்துப் பள்ளிகளில் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டைவிட நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏறியிருந்தது. பசி தாளாமல் சில குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கின. மே 18-ஆம் தேதி சென்னையிலிருந்து அரிசியும் பால் பொடியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு முதற் கப்பல் கிளம்பியது. கல்வியிலும் வைத்தியத்திலும் நமக்கு முன்மாதிரியாயிருந்த நாட்டுக்கே இந்தக் கதி நேர்ந்ததென்றால், நாம் காலை நீட்டிப் படுத்துக்கொள்ள நியாயமில்லை.

கடலும் காற்றும்

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா தீவுக்கருகே பூமி அதிர்ந்தது. நம் கரையை அலை அடித்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சொல் வந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்! ஓர் ஊருக்குச் சொல் வந்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையாயிருந்தார். அவர் செய்தி அறிந்து தொலைபேசியில் கூப்பிட்டார். கடல் நிலவரம் சொல்லுவதற்கென்று அந்த ஊரில் முன்னரே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதன் மூலம் அறிவித்து ஊரைக் காலி செய்தார்கள், ஜனங்கள் பிழைத்தார்கள். இப்பொழுது ஹைதராபாத்தில் 2007 முதல் பேரலை எச்சரிக்கை நிலையம் வேலை செய்கிறது. ஆனால் அங்கிருந்து புறப்படும் சொல், கடைசிக் குடிசை வரையில் போய்ச் சேருவதற்கு ஒலிபெருக்கியும் வேண்டும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பேரலை நமக்குப் புதியதும் அன்று. 2004-க்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் மணல் விலகி ஒரு பாறைக் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தோண்டியபோது பழைய முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. அக்கோயிலும் முற்காலத்துக் கடற்கோளால் அழிந்திருக்கலாமென்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள். கடல் திடீரென்று பின்வாங்கித் தரை தெரிந்தால் அது வேடிக்கை அன்று. மேட்டை நோக்கி ஓட வேண்டிய அறிகுறி. இதைக் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுடன் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் முதல் மாடி வரையில் வெள்ளம் வந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரை ஏறியது. புயலின் கண் ஓர் ஊரின்மேல் போகும்போது காற்று சட்டென்று அடங்கும். தொல்லை தீர்ந்ததென்று வெளியே வருபவர்களை, சிறிது நேரத்துக்கெல்லாம் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும் காற்று தாக்கும். ஆகவே அந்த அமைதியை நம்பக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஆபத்தின் பெயர் எதுவாயிருந்தாலும் வீட்டில் நிற்பவை ஐந்தே: தண்ணீர், உணவு, வெளிச்சம், பணம், செய்தி. இந்த ஐந்துக்கும் சில நாள் ஈடுகொடுக்கக் கூடிய குடும்பம் எந்த ஆபத்தின் முதல் அடியையும் தாங்கிக்கொள்ளும்.

தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். நால்வருள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஐம்பது லிட்டர் மூடிய பாத்திரத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை மாற்றலாம். நம்மில் பலர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு உண்டு. மின்சாரம் நின்றால் அதிலுள்ள தண்ணீர் காசியிலுள்ள கங்கைதான்! கயிறும் வாளியும் போட்டு இறைக்கக் கூடிய திறந்த கிணறோ, கையால் அடிக்கும் குழாயோ தெருவுக்கு ஒன்றாவது பழுதில்லாமல் இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு எந்தத் தண்ணீரையும் நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக் கண்டவர்க்கு, சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் உயிர் நிற்கும்.

உணவு: ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி, 75 கிராம் பருப்பு என்று வைத்துக்கொண்டால், நால்வருக்குப் பதினைந்து நாளைக்கு 24 கிலோ அரிசியும் நாலரைக் கிலோ பருப்பும் ஆகும். இது மலை போன்ற காரியம் அன்று. நம் முன்னோர் குதிரில் ஒரு வருஷத்து நெல்லை வைத்திருந்தார்கள். நமக்கு ஒரு தகர டின் போதும். துவரைக்குச் செம்மண் கட்டுவதும், அரிசியில் வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போடுவதும் பாட்டிமாருக்குத் தெரிந்த வித்தைகள். சித்திரை வெயிலில் போடுகிற வடகமும், மணத்தக்காளி வற்றலும், உப்பு நாரத்தங்காயும், கரையோரத்துக் கருவாடும் வாய் ருசிக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. காய்கறி வராத, வலை போட முடியாத ஐப்பசி கார்த்திகை நாட்களை நினைத்து ஏற்பட்டவை. அவலும் பொரிகடலையும் வெல்லமும் அடுப்பில்லாமலே பசி தீர்க்கும். பழையதை முதலில் எடுத்துப் புதியதை அடியில் போட்டு வந்தால் ஒரு மணியும் வீணாகாது.

வெளிச்சமும் மருந்தும்: அரிக்கன் விளக்கோ பாட்டரி விளக்கோ, தீப்பெட்டி மெழுகுவர்த்தியுடன், இருட்டில் கை நீட்டினால் அகப்படும் இடத்தில் இருக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு நாள்தோறும் மருந்துண்பவர்கள் ஒரு மாத மாத்திரை கைவசம் வைத்துக்கொள்வது நலம்.

பணமும் பத்திரமும்: பத்து நாள் செலவுக்கான தொகையைப் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுக்களாக வீட்டில் வைத்திருங்கள். வீட்டுப் பத்திரம், ரேஷன் அட்டை, ஆதார், பாங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றுகள் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில், பரண்மேல் இருக்கட்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த சான்றுகளைக் கையில் ஏந்திக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த மாணவர்கள் எத்தனை பேர்!

செய்தி: பாட்டரியில் இயங்கும் சிறு ரேடியோ ஒன்று, முக்கியமான எண்கள் எழுதிய காகிதம் ஒன்று. ஜில்லாவின் பேரிடர் அறைக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108. கைப்பேசி இறந்தால் நம் ஞாபக சக்தியும் உடன்கட்டை ஏறிவிடுகிறது. ஆகையால் காகிதம் அவசியம். மாடு வளர்ப்பவர்கள் வெள்ளம் வரும்போது அவற்றைக் கட்டவிழ்த்து விட மறக்க வேண்டாம்.

சேமிப்பும் பதுக்கலும்

"எல்லாரும் இப்படி வாங்கிச் சேர்த்தால் கடையில் சாமான் எப்படி மிஞ்சும்? இது பதுக்கல் அல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி நின்றபோது பதுக்கல் என்றால் என்னவென்று நம் தேசம் பார்த்தது. மறு வருஷம் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் மாண்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டுக்குப் பயந்து சென்னை நகரமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடிற்று. அதனால் இக்கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது.

விளைந்த காலத்தில், விலை மலிந்திருக்கும்போது, சிறுகச் சிறுக வாங்குவது சேமிப்பு. தட்டுப்பாடு வந்த பிறகு முண்டியடித்து வாங்குவது பதுக்கல். தை மாதத்தில் பத்துக் கிலோ கூடுதலாக வாங்கியவன், கார்த்திகைப் புயலன்று கடை வரிசையில் நிற்க மாட்டான். அவன் நிற்காத இடம், ஒன்றுமே இல்லாத மற்றொருவனுக்குக் கிடைக்கும். ஆகவே முன்கூட்டிச் சேமிக்கிறவன் ஊருக்கு உபகாரி.

ஆனால் இதற்குள் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. நான் மேலே சொன்ன கணக்கெல்லாம், தகர டின் வைக்க இடமும் அதை நிரப்பக் காசும் உள்ள வீட்டுக்கே பொருந்தும். என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீடு ஒற்றை அறை. தந்தையின் கூலி அன்றாடம் காய்ச்சத்தான் சரி. புயல் முதலில் தட்டுவது அவர்கள் கதவைத்தான். அவர்களுக்குப் பழைய பிடி அரிசி வழக்கம் உதவும். உலை வைக்கும்போது காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி தனியே எடுத்துப் போட்டால், பிடிக்கு நாற்பது கிராமாக நூறு நாளில் எட்டுக் கிலோ சேரும். நால்வருக்கு அது ஐந்து நாள் சோறு. அதுவும் இயலாதவர்களுக்கு அண்டை வீட்டார்தான் குதிர். தன் பதினைந்து நாளில் இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்கென்று எண்ணி வைத்துக்கொள்ளாத குடும்பம், முன்னேற்பாட்டில் பாதிதான் செய்திருக்கிறது.

ஊர் செய்ய வேண்டியது

வீடு மட்டும் தயாராயிருந்தால் போதாது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன, முழம் என்ன? ஊர் தயாராயிருக்க வேண்டும். இதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போய் வித்தை கற்க வேண்டியதில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றைப் புகழ்கிறோம். அந்தத் தேர்தலில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. ஏரியைக் காக்க ஏரி வாரியம். பொன்னின் மாற்றைப் பார்க்கப் பொன் வாரியம். அதாவது, ஊரின் தண்ணீரும் ஊரின் நாணயமும் கெடாதபடி பார்த்துக்கொள்வதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே ஆள் நியமித்திருந்தார்கள்!

மேல் ஏரி நிறைந்து கலிங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு வழியும்படி அமைந்தது நம் நாட்டு ஏரிச் சங்கிலி. அது வறட்சிக்குச் சேமிப்பு, வெள்ளத்துக்கு வடிகால். வரத்துக்காலில் வீடு கட்டினோம். கலிங்கலை மண் போட்டு மூடினோம். 2015-இல் தண்ணீர் தன் பழைய வழியைக் கேட்டு வந்தது, அவ்வளவே. 2017-இல் சர்க்கார் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது நல்ல காரியம். ஆனால் அந்தப் பெயரில் 'குடி' என்பது நம்மைக் குறிக்கிறது. ஆடி மாதத்தில் நம் ஊர் மதகையும் வரத்துக்காலையும் ஒரு முறை நடந்து பார்ப்பதற்கு எந்த உத்தரவும் வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஊரிலும், எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், யாரிடம் படகு இருக்கிறது, யாருக்கு முதலுதவி தெரியும் என்ற நான்கு விவரங்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பஞ்சாயத்துக் கதவில் ஒட்டலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடக் கூடிய வேலை இது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பெரியவர்கள் சொன்னது களத்து நெல்லுக்கு மட்டுமன்று. ஆபத்தின் தேதியை எந்தப் பஞ்சாங்கமும் குறிக்கவில்லை. ஆனால் ஐப்பசி எப்போது பிறக்கும் என்பது எல்லாப் பஞ்சாங்கத்திலும் இருக்கிறது. அதற்குள் ஒரு டின் அரிசி, ஒரு குடம் தண்ணீர், ஒரு விளக்கு, ஒரு பை காகிதம் இவற்றை எடுத்து வைப்போம். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டுக்கொள்வோம்.